இரண்டாவது கூடை

முதல் மழை பெய்த மறுநாள் அந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடம் கிடைக்காது. வாசலில் குடையைச் சுருக்கிக்கொண்டு நிற்பவர்கள் உள்ளே சாப்பிடுகிறவர்களின் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்வையாலேயே ஆளை எழுப்பிவிடுவார்கள். எல்லாம் மழைக்காளானுக்காக. வருடம் முழுக்கக் கிடைக்கிற பண்ணைக் காளான் வேறு. இடி இடித்து, மண் நெகிழ்ந்து, தானாக முளைத்து, சில நாட்களில் காணாமல் போகிற இது வேறு. வெண்ணெயில் வதக்கி, கடைசியில் மிளகைத் தட்டிப் போட்டு, சுடச்சுட ரொட்டியோடு கொடுப்பார்கள். சமையல் அவ்வளவுதான். அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் கெட்டுப்போகும் என்பது மாஸ்டரின் கட்சி.

மாஸ்டர் என்றால் பெண். கடை தொடங்கிய புதிதில் சமையலுக்கு வைத்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, அன்று அடுப்பு முன்னால் போய் நின்றவள் பிறகு நகரவே இல்லை. அந்த ஆளின் கரண்டியோடு அவனுடைய பட்டமும் அவளுக்கு வந்து சேர்ந்தது. கணவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டு, கூட்டமான நாட்களில் பரிமாறவும் செய்வார். வீட்டில் சண்டை என்றால் அவரும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை வழக்கமாகக் காளான் கொண்டுவரும் அத்தை ஒரு கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போனாள். அவள் யாருக்கு அத்தை என்று யாருக்கும் தெரியாது. வேரில் ஒட்டிய மண்ணோடுதான் கொண்டுவருவாள். ஒவ்வொன்றையும் மாஸ்டர் அடியிலிருந்து தலை வரைக்கும் பார்த்த பிறகே கழுவுவாள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு இதுல பாக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே பார்ப்பாள்.

மதியக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போதே கூடையின் அடி தெரிந்துவிட்டது. கணவர் சமையலறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னும் எவ்வளவு ஓடும்? வாசல்ல நிக்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்ட நேரத்தில்தான் பின்வாசல் வழியாக அவளுடைய தம்பி வந்தான். டயர் கடை வைத்திருப்பவன், நாற்பதை நெருங்குகிறவன், அக்காவுக்கு ஒன்று என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருகிறவன். கையில் ஒரு கூடை, முகமெல்லாம் பல்.

"தீந்துடும்னு தெரியும்க்கா. காலையிலயே போய்ப் பறிச்சுட்டேன். உனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு காம்பெல்லாம் வெட்டி, கழுவியே கொண்டாந்துட்டேன் பாரு."

காம்பு வெட்டியது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுப்பில் வெண்ணெய் கருகத் தொடங்கியிருந்தது. கணவர் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் கூடைக்குள் கைவிட்டாள். நிறம் அதேதான், மணமும் அதேதான். ஒரு பார்சல் போட்டாள், ஒரு தட்டு போட்டாள்.

பார்சல் வாங்க நின்ற மனிதரை ஜன்னல் வழியாக அவள் பார்த்திருந்தாள். ஒல்லியான ஆள். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளையாக மாவு படிந்து, மழையில் நனைந்து களியாகி ஒட்டிக்கொண்டிருந்தது. "காரம் கம்மியா போடச் சொல்லுங்க, வீட்டுல ஆளுக்கு உடம்பு சரியில்ல" என்று கணவரிடம் அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. மிளகைத் தனியாகக் கட்டிக் கொடுத்தாள். அவர் டப்பாவைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அடுத்த பிடிக்காக அவள் கூடையின் அடியில் கையை விட்டபோது ஒன்று முழுசாகச் சிக்கியது. தம்பியின் கத்திக்குத் தப்பிய காளான். காம்பின் நடுவில் பாவாடைபோல மெல்லிய வளையம். அடியில் வேர் இல்லை. முட்டை ஓடு விரிந்த மாதிரி ஒரு வெள்ளை உறை, அதற்குள் காம்பு உட்கார்ந்திருந்தது.

நல்ல மழைக்காளானுக்கு இப்படி உறை இருக்காது.

"தம்பி, இதை எங்க பறிச்சே?"

"பழைய செங்கல் சூளைக்குப் பின்னாடி. ஏன்க்கா? நல்லா கொத்துக் கொத்தா..."

அவள் கேட்டு முடிக்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

தட்டு போயிருந்தது ஹெட்மாஸ்டரின் மேசைக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கடையையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டவர். ரொட்டியைக் கிழித்து, அதில் ஒரு காளானை வைத்து, வாயருகே கொண்டுபோயிருந்தார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்தாள்.

"வைங்க சார். சாப்பிடாதீங்க."

"என்னம்மா இது! போன மழையிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்."

"வாயில வச்சீங்களா? ஒண்ணாவது?"

"வச்சிருந்தா நீ என்ன, எடுத்துடவா போற? எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நான் கல்லைத் தின்னாலும் செரிக்கிறவன்."

"சார், வச்சீங்களா இல்லையா?"

அவள் குரலைக் கேட்டு அவர் பயந்துபோனார். "இல்ல" என்றார், சின்னப் பையனைப் போல.

அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். கடை முழுக்க அவளையே பார்த்தது. கணவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து 'உள்ளே போ, உள்ளே போய்ப் பேசிக்கலாம்' என்று கண்ணால் கெஞ்சினார். அவளுக்கு அது புரிந்தது. இந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை விழுந்தால் போதும், கடைக்கு இனி ஈ கூட வராது. தட்டைக் கையில் பிடித்தபடியே கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்.

"இப்ப வந்த கூடையில தப்பான காளான் கலந்திருக்கு. நீங்க எல்லாரும் சாப்பிட்டது காலையில வந்தது, நான் ஒண்ணொண்ணா பாத்தது. அதுல பயம் இல்ல. ஆனா யாருக்காவது வயித்துல ஏதாவது பண்ணுச்சுன்னா வீட்டுல படுத்துக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்குக் கடை மூடியாச்சு."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒருவர் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஒரு பெண் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாஸ்டர் கணவரிடம், "பார்சல் வாங்கினவர் யாரு? எங்க இருக்கார்?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றார். அவரை எங்க போய்த் தேடுவே? உனக்கு நிச்சயமா தெரியுமா, அது விஷம்தான்னு?"

"தெரியாது. நல்ல காளான்தான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

அவர் கல்லாவைப் பூட்டினார்.

புருவத்தில் மாவு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மாவு மில் இருந்தது. அவள் அந்த முழுக் காளானை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் பைக்கில் ஏறினாள். அவன் முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது. மழையினால் என்று நினைத்தாள். அழுகிறான் என்று பிறகுதான் தெரிந்தது.

"முன்னாடி பாத்து ஓட்டு. அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு."

கேட் அடைத்திருந்தது. நீளமான சரக்கு ரயில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியும் அவள் நெஞ்சின் மேல் ஏறிப் போவது போலிருந்தது. அந்த மனிதர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார். தட்டை எடுத்திருப்பார். டப்பாவைத் திறந்திருப்பார். பசியோடு இருக்கிறவர்கள் சாப்பிட எவ்வளவு நேரமாகும்?

மில்லில் கரண்ட் இல்லை. பெல்ட்டுகள் நின்றுகிடக்க, மூட்டைகளின் மேல் ஆட்கள் சாய்ந்திருந்தார்கள். அவள் அடையாளம் சொல்லச் சொல்ல ஒருவர், "ஒல்லியா, காளான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டிருந்தாரே, அவரா? அவர் சம்சாரத்துக்கு வயித்துல பெரிய ஆபரேஷன் ஆச்சு. நாலு மாசமா சரியாவே சாப்பிடறதில்ல. நேத்து மழை வாசனை வந்ததும் காளான் வேணும்னு கேட்டாங்களாம். மனுஷன் காலையிலேருந்து ஒரே சந்தோஷம்" என்றார். "ஏன்மா, பாக்கி ஏதாவது...?"

"வீடு எங்க?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரும்புப் படி ஏறிப் போகிற மாடி வீடு. அவள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு படியேறினாள். கதவு திறந்தே இருந்தது. ஒரே அறை. ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளின் முட்டில் ஒரு பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போன முகம். மில்காரர் அவள் வாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் அவருக்கு யாரென்று தெரியவில்லை. அவள் புடவைக்கு மேலே கட்டியிருந்த சமையல் துணியின் வெண்ணெய்க் கறையையும் மிளகு வாசனையையும் வைத்துக் கண்டுபிடித்தவள் அவர் மனைவிதான்.

"நீங்கதான் சமைச்சீங்களா?" என்றாள் கட்டிலிலிருந்து. குரல் மெலிந்திருந்தாலும் அதில் ஒரு சிரிப்பு இருந்தது. "இத்தனை நாள் எதைத் தின்னாலும் வாயில மண்ணு மாதிரிதான் இருந்துச்சு. இன்னைக்குத்தான் ருசின்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வாய்தான் சாப்பிட முடிஞ்சுது. ஆனா ரெண்டு வாயும்..."

மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, முழுவதையும் சொன்னாள். மழுப்பாமல் சொன்னாள், மழுப்ப நேரமில்லை.

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. சொன்னது உள்ளே இறங்கும்வரை அது அப்படியே நின்றது. அதைப் பார்த்ததுதான் மாஸ்டருக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. மில்காரர் மனைவியைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, கை ஓங்கினார். தம்பி குறுக்கே பாய்ந்தான். ஓங்கிய கை தானாகவே கீழே இறங்கியது.

"அவளே இப்பத்தான் பொழைச்சு வந்தவ" என்றார்.

"அப்புறம் அடிங்க. எவ்வளவு வேணா அடிங்க. இப்ப தூக்குங்க அவங்களை."

தம்பி கீழே ஓடி ஒரு வாடகைக் காரை நிறுத்தினான். தூக்கிக்கொண்டு வெளியேறும்போது கழுவு தொட்டியில் அந்த டப்பா கிடப்பதை மாஸ்டர் பார்த்தாள். பார்த்தது மனதில் பதியவில்லை. பதிகிற நேரமில்லை அது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரு இளம்பெண். கிண்ணத்திலிருந்த காளானைக் கையுறையோடு எடுத்துத் திருப்பிப் பார்த்தார். போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். வயிற்றைக் கழுவினார்கள். கரித்தூள் கரைத்த கறுப்புத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். கையில் டிரிப் ஏறியது.

"இப்ப நல்லாத்தானே இருக்கா டாக்டர்?" என்றார் மில்காரர்.

"இப்ப நல்லா இருக்கறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. இந்த வகைக் காளான் உடனே வேலையைக் காட்டாது. சாயங்காலத்துக்கு மேலதான் தெரியும். ஆனா தெரிஞ்ச பிறகு மருந்து கொடுக்கறதுக்கும் இப்பவே கொடுக்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நல்ல வேளை, சீக்கிரம் கொண்டுவந்தீங்க." டாக்டர் மாஸ்டர் பக்கம் திரும்பி, "வேற யாராவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இந்தக் கூடையிலேருந்து ரெண்டு தடவைதான் எடுத்தேன். ஒரு தட்டை நானே பிடுங்கிட்டேன். இன்னொண்ணுதான் இவங்க வீட்டுக்குப் போச்சு."

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெளியே நடையில் ஒரு நீள பெஞ்சு. மில்காரர் ஒரு முனையில் உட்கார்ந்தார். மாஸ்டர் மறுமுனையில். கொஞ்ச நேரத்தில் கணவர் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கடைக்குச் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பூட்டிவிட்டுப் போனதையும், வாசலில் இன்னும் கூட்டம் நிற்பதையும் தணிந்த குரலில் சொன்னார். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் கண் மில்காரர் மேலேயே இருந்தது.

அவர் வாயில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார், பல்லிடுக்கில் மாட்டியதை எடுக்கிறவர் போல.

இரண்டு வாய் என்றாள் அந்தப் பெண். மாஸ்டர் போட்டுக் கொடுத்தது ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடுகிற அளவு. தொட்டியில் கிடந்த டப்பா இப்போதுதான் மனதில் வந்து உட்கார்ந்தது. அதில் வெண்ணெய் உறைந்திருக்கவில்லை. ரொட்டியை வைத்துத் துடைத்து எடுத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

எழுந்து அவர் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணே, மீதியை என்ன பண்ணீங்க?"

"எதை?"

"அவங்க ரெண்டு வாய்தானே சாப்பிட்டாங்க. மீதி?"

"கொட்டிட்டேன்."

"எங்க கொட்டினீங்க?"

"கொட்டிட்டேன்னு சொல்றேன்ல. நீங்க பண்ணதே போதும். தள்ளி உக்காருங்க."

"டப்பாவைப் பாத்தேன் அண்ணே. துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. கொட்டின டப்பா அப்படி இருக்காது. என் வேலையே அதுதான், நான் தினம் பாக்கறேன்."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் அழுத்திக்கொண்டார். மாவு இன்னும் நகக்கண்களில் இருந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றார் கடைசியில். "இந்த நாலு மாசமா அவ மிச்சம் வைக்கறதைத்தான் நான் சாப்பிடறேன். பழக்கமாயிடுச்சு. தூக்கி எறிய மனசு வரல."

"ஐயோ, அப்ப ஏன் டாக்டர் கேட்டப்போ சொல்லல? வாங்க, இப்பவே..."

"வர மாட்டேன்." அவர் குரல் திடீரென்று இறுகியது. "என்னையும் படுக்கப் போட்டு ஊசி குத்திட்டா அவளை யாரு பாத்துப்பா? அவளுக்கு வேற யாரும் கிடையாது. வேற ஆள் கையால ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்க மாட்டா. எனக்கு ஒண்ணும் பண்ணல. நான் மூட்டை தூக்கற உடம்பு."

"பண்ணும்போது லேட்டாயிடும்னு சொன்னாங்களே, கேக்கலையா?"

"கேட்டேன்."

"அப்ப?"

"அவ தேறி வரட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"நான் பாத்துக்கறேன் அவங்களை."

"நீங்க யாரு?" என்றார் அவர், நேராகப் பார்த்து.

"விஷம் வச்சவ. என்னைவிட யாருக்கு அக்கறை இருக்கும்?"

அவர் எழுந்து நடையின் மறுகோடிக்குப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாஸ்டரின் கணவர் போய்ப் பேசிப் பார்த்தார், தம்பி காலில் விழுந்து பார்த்தான். மனிதர் அசையவில்லை. டாக்டரிடம் சொல்லலாம். ஆனால் கையைக் காலைக் கட்டியா மருந்து கொடுப்பார்கள்? இவர் ஒரே ஒரு ஆள் சொன்னால்தான் கேட்பார். அந்த ஆளோ உள்ளே, தும்மினால் சாய்ந்துவிடும் நிலைமையில் படுத்திருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லி, அந்த அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிட்டால்?

வெளியே மழை விட்டு, மேற்கே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. 'சாயங்காலத்துக்கு மேல' என்று டாக்டர் சொன்ன அந்தச் சாயங்காலம். மாஸ்டர் வார்டுக்குள் நுழைந்தாள்.

அந்தப் பெண் உதடெல்லாம் கரி ஒட்ட, கண்ணை மூடிக் கிடந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திறந்தாள். மாஸ்டரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்கிட்ட பேச வேண்டாம்மா. ஒரு விஷயம் மட்டும் காதுல வாங்கிக்கோங்க. நீங்க வச்ச மிச்சத்தை அவர் சாப்பிட்டிருக்கார். மொத்தத்தையும். டாக்டர்கிட்ட சொல்லாம வெளியே நிக்கறார். உங்களைப் பாத்துக்க ஆள் வேணுமாம்."

சுவர்ப்பக்கம் திரும்பிய முகம் அப்படியே இருந்தது. சொன்னது தப்போ என்று மாஸ்டருக்குத் தோன்றியது. பிறகு அந்தப் பெண் டிரிப் ஏறாத கையைக் கட்டிலின் விளிம்பில் ஊன்றினாள். மாஸ்டர் தாங்கப் போனபோது தோளால் தட்டிவிட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தரையில் வைத்தாள். டிரிப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் "எங்கம்மா எழுந்திருக்கிறீங்க!" என்று ஓடிவருவதற்குள், கம்பியை உருட்டிக்கொண்டு வார்டு வாசல்வரை வந்துவிட்டாள்.

"யோவ்!"

நடை முழுக்க அந்தக் குரல் கேட்டது. மெலிந்த குரல்தான். ஜன்னலோரம் நின்றவர் சட்டென்று திரும்பினார்.

"ஏன் எழுந்தே? படு, போய்ப் படு நீ!"

"நீ படுத்தாத்தான் நான் படுப்பேன். இத்தனை நாள் என்னைக் காப்பாத்தி வச்சது எதுக்குய்யா? தனியா விட்டுட்டுப் போறதுக்கா? பெரிய தியாகி! உன் பிணத்தைப் பாத்துக்க எனக்குத் தெம்பு இல்ல. உன்னைப் பாத்துக்க இருக்கு. வா உள்ள."

அவர் மனைவி நிற்பதையே பார்த்தார். சொந்தக் காலில் அவள் நின்று அவர் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அழுதுகொண்டே நடந்து வந்து, நர்ஸிடம் கையை நீட்டினார், ஊசிக்கு.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டுகிற நேரமும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மில்காரருக்கு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுப்போக்கு. அவருக்குப் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்திருந்தார்கள். மனைவிக்கு லேசான குமட்டலோடு நின்றுவிட்டது, அவருக்குத்தான் எல்லாம். மறுநாள் தெளிந்தவர் போல எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார். அதை நம்பாதீர்கள் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அதற்கு மறுநாள் கண் மஞ்சளித்தது. ஈரல் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர், "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அனுப்பிய படத்துக்கும் பதில் வந்திருந்தது. விஷக் காளான்தான், சந்தேகமில்லை.

அந்த நாட்களில் மாஸ்டர் வீட்டுக்குக் குளிக்க மட்டும் போனாள். திரும்பும்போது கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருவாள். அந்தப் பெண் முதல் நாள் அதைத் தொடவில்லை. பாத்திரம் மூடியபடியே திரும்பிப் போனது. இரண்டாம் நாள் மாஸ்டர் பாத்திரத்தைத் திறந்து, அவள் கண்ணெதிரிலேயே பாதியைக் குடித்துவிட்டு மீதியை வைத்தாள். அந்தப் பெண் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஸ்பூனைக் கழுவிட்டுக் குடுங்க" என்றாள். விஷம் என்று தெரிந்த பிறகு அவள் மாஸ்டரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

தம்பி டயர் கடையைத் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, மருந்து வாங்க ஓடுவதும், மறுபடி படியில் வந்து உட்காருவதுமாக இருந்தான். அக்கா அவனைத் திட்டாததுதான் அவனால் தாங்க முடியவில்லை. "ரெண்டு அறை விட்டுடுக்கா" என்று ஒருநாள் கேட்டே விட்டான். "வெட்டினது நீ. பாக்காம போட்டது நான். யாரு யாரை அறையறது?" என்றாள் அவள்.

மஞ்சள் மெல்ல இறங்கியது. ஒரு காலை மில்காரர் பசிக்கிறது என்றார். டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். ஈரல் பிழைத்துக்கொண்டது, ஆனால் பல மாதத்துக்கு எண்ணெய், கொழுப்பு என்று எதுவும் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள். மில் முதலாளியிடம் போய்ப் பேசி, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக மாற்றிக் கொடுக்கச் செய்தவர் மாஸ்டரின் கணவர்தான். கடையைச் சுகாதாரத் துறை திரும்பத் திறந்துவிட்டது. வழக்கமான கூட்டத்தில் கால்வாசி கூட வரவில்லை. திறந்த அன்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் ஹெட்மாஸ்டர். "இந்தக் கடையில இனிமே பயமில்லாம சாப்பிடலாம்யா, கையைப் பிடிச்சு நிறுத்தற ஆள் உள்ள இருக்கு" என்று சாலையில் போகிறவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய நாளில் மாஸ்டர் வண்டி பிடிக்க முன்னால் நடந்தாள். பின்னால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்வது கஷ்டம். வானம் மூடி, தூறல் விட்டு விட்டு விழுந்தது. ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஒரு கிழவர் தள்ளுவண்டியில் கரியை விசிறி, சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார். பால் மணி வெடிக்கிற வாசனை தெரு முழுக்க நிறைந்திருந்தது.

அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

"வேணுமா?" என்றார் மில்காரர்.

அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரெண்டு வாய் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள். "அதை நினைச்சாத்தான் எனக்குக் கோவமா வருது."

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினாள்.

கிழவர் தோகையில் வைத்து ஒரு கதிரை நீட்டினார். அந்தப் பெண் வாங்கி, இரண்டு கைக்கும் மாற்றி மாற்றி ஊதிச் சூடு ஆற்றினாள். வாய்வரை கொண்டுபோனாள். பிறகு நிறுத்தி, கையை நீட்டினாள்.

"மொதல்ல நீங்க கடிங்க."

விளையாட்டாகச் சொன்னாளா, வினையாகச் சொன்னாளா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. மில்காரர் தரையைப் பார்த்தார். மாஸ்டர் கதிரை வாங்கினாள். முனையிலிருந்து ஒரு வரிசையைக் கடித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிதானமாக மென்று, விழுங்கினாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

"குடுங்க இங்க" என்று அந்தப் பெண் கதிரைப் பிடுங்கிக்கொண்டாள்.